நிற்பாட்ட வழி வைக்காத கூரை

அத்தான்,

இன்று காலை பட்டறைக்கு ஒரு கார் வந்தது. ஓட்டி வந்தவர் ஒரு டொக்டர் அம்மா. கூரைக் கண்ணாடி பாதி வழியில் இறுகிவிட்டது, மழை தொடங்க முன்னம் எப்படியாவது மூடித் தரவேண்டும் என்றார். உள்கூரைத் துணியைக் கழற்றி மோட்டரை வெளியே எடுத்தபோது சூடேறிய பழைய கிரீஸின் மணமும் துணி ஒட்டிய பசையின் மணமும் சேர்ந்து மூக்கில் ஏறின. கை அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மா பயந்துபோய், “என்ன, பெரிய பிழையோ?” என்று கேட்டார். “இல்லை அம்மா, சின்னதுதான்” என்றேன். வேலையை முடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்தக் கடிதத்தை நீங்கள் வாசிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும், நான் ஒன்றும் புத்தி பேதலித்தவன் இல்லை. ஆனால் உங்களுக்கு நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. என் கைவேலையால் ஒரு நாள் உங்கள் உயிர் போகப் பார்த்தது. அது உங்களுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நீங்கள் சொல்லாமலே போய்விட்டீர்கள். உங்கள் முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்கு வந்த ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து இதை எழுதவேண்டும் என்று இருந்தேன். எனக்கு எதையும் உடனே செய்கிற பழக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

எங்கே தொடங்குவது? கதிரையில் தொடங்குகிறேன். நகரத்தில் இருந்த என் பட்டறை எரிந்தபோது எனக்கு முப்பது வயது. சாமான்கள், சோதிக்கிற மீற்றர், திருத்துவதற்கு ஆட்கள் விட்டுப்போன இரண்டு வண்டிகள் எல்லாம் ஒரே பின்னேரத்தில் கரியாகின. பாலையூற்றில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். முன்வாசலில் கிடந்த பிளாஸ்ரிக் வயர் பின்னிய கதிரையில் இருந்தேன். இருந்தேன் என்றால், ஆறேழு மாதம் இருந்தேன். அக்கா தேத்தண்ணி தந்தால் குடிப்பேன், சோறு தந்தால் தின்பேன். வீட்டில் ரேடியோ பழுதாகிக் கிடந்தது. மின்சார வேலை தெரிந்தவன் நான் பக்கத்தில் இருக்க, நீங்கள் அதைக் கடையில் கொடுத்துத் திருத்தி வந்தீர்கள். எனக்கு அது அப்போது நன்றாகவே விளங்கியது, விளங்கியும் எழும்பவில்லை.

அந்த நாட்களில் உங்களுக்குச் சோறு போட்டது அந்தக் கபில நிறக் கார்தான். நிலாவெளியில் ஒரு ஹோட்டல்காரர் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்க வாங்கியது. சண்டை தொடங்கி வெள்ளைக்காரர் வராமல் போக, ஹோட்டலைப் பூட்டிவிட்டு வந்த விலைக்கு உங்களிடம் தள்ளிவிட்டார். அதன் கூரையில் ஒரு கண்ணாடி. சுவிட்சை அழுத்தினால் மோட்டர் அதைப் பின்னுக்கு இழுக்கும். கடல் பார்க்க வந்தவர்கள் வானம் பார்க்க என்று வைத்தது. பாலையூற்றில் ஆருக்கு அத்தான் அப்படி வானம் பார்க்கவேண்டி இருந்தது? அக்கா அதை “வெயில் விடுற பொந்து” என்று நக்கல் அடிப்பார்.

அந்தப் பொந்துக்கு ஒரு வேலை கண்டுபிடித்தவர் நீங்கள். அம்புலன்ஸ் வராத இடங்களில் இருந்து வருத்தக்காரரை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது உங்கள் ஓட்டமாகிவிட்டிருந்தது. அப்படிப் போகிற வண்டிகளில் யாராவது ஜன்னலால் ஒரு வெள்ளைத் துணியைப் பிடிப்பார்கள். இடப்பக்கம் பிடித்தால் வலப்பக்கத்துக் காவலரணுக்குத் தெரியாது. ஒருநாள் அப்படித் தெரியாமல் போனதில் உங்கள் பின் லைற்றை ஒரு வெடி கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் கூரையைத் திறந்து, முன் சீற்றில் இருப்பவரை எழும்பி நின்று, நாலு பக்கமும் தெரியத் துணியைப் பிடிக்கச் சொன்னீர்கள். உங்கள் வேட்டியில் பாதியைக் கிழித்து ஒரு கம்பில் கட்டியது. அக்கா அதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நீலம் போட்டுத் தோய்ப்பார். மங்கிவிட்டால் வெள்ளை என்று தெரியாதாம்.

ஆனால் கூரையைத் திறந்தபடியே ஓடவும் ஏலாது. வீட்டில் இருந்து போகிற வழியில் துறைமுகத்தை ஒட்டிய வீதியில் வண்டியில் இருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி எதையும் திறந்து வைத்திருக்கக்கூடாது என்று காவலில் நிற்பவர்கள் சொல்லியிருந்தார்கள். எழுதிவைத்த சட்டமா, வாய்ச் சட்டமா, யாருக்குத் தெரியும். அங்கே கூரை மூடியிருக்க வேண்டும். நகரம் தாண்டி நிலாவெளிப் பக்கத்துக் கரையோர வீதியில் ஏறியதும் திறந்திருக்க வேண்டும். திறக்க வேண்டுமென்றால் சுவிட்சில் விரலை வைத்து, கண்ணாடி முழுக்கப் பின்னுக்குப் போகும்வரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். நிதானமாக எண்ணினால் பதின்மூன்று. அந்தப் பதின்மூன்று எண்ணும் வரைக்கும் உங்கள் இடக்கை கூரையில், வலக்கை ஒன்றுதான் ஸ்டியறிங்கில். வீதி முழுக்கக் குழி, கியர் மாற்ற வழியில்லை. கையை உயர்த்தி மேலே எதையோ தேடுகிற சாரதியைக் காவலரணில் நிற்கிறவன் எப்படிப் பார்ப்பான் என்பது வேறு கதை.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து கதிரைக்கு முன்னால் நின்றீர்கள்.

“மச்சான், அந்தக் கூரை ஒருக்காத் தொட்டால் தன்ர பாட்டுக்குத் திறக்கவேணும். ஏலுமே?”

“தெருவோரமா நிப்பாட்டித் திறக்கலாம்தானே” என்றேன்.

“ரெண்டு காவலுக்கு நடுவில கார் நிண்டா, ஏன் நிண்டதெண்டு கேப்பாங்கள்.”

“பக்கத்தில இருக்கிற ஆள் அமத்தட்டும்.”

“வருத்தக்காரற்ற ஆக்கள் அழுதுகொண்டு வருவினம். அவையளுக்கு நான் சுவிட்சு படிப்பிக்கவே?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை மாதத்தில் முதல் சிரிப்பு என்று அக்கா பிறகு சொன்னார். ஏலும் அல்லது ஏலாது என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். நான் மடையன், கதைக்கப் போய் மாட்டிக்கொண்டேன். “ஏலும். ஒரு றிலே இருந்தா ஏலும்” என்றேன். அடுத்தநாள் நீங்கள் செத்துக் கிடந்த ஒரு லொறியில் இருந்து ஹோர்ன் றிலேயைக் கழற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தீர்கள். எழும்பாமல் வேறு என்ன செய்ய?

வேலை எனக்கு இன்றும் மனப்பாடம். றிலே என்பது ஒரு சின்னச் சதுரப் பெட்டி. விரல் செய்கிற வேலையை அது செய்யும். சுவிட்சை ஒருமுறை தொட்டால் அது மின்சாரத்தைப் பிடித்துக்கொள்ளும், விரலை எடுத்தாலும் விடாது. விடச் செய்ய ஏதாவது வேண்டும். கதவைச் சாத்தினால் உள் லைற்றை அணைக்கிற குமிழ்ச் சுவிட்சு ஒன்றைப் பழைய காரில் இருந்து எடுத்து, கண்ணாடி கடைசியாக வந்து முட்டுகிற இடத்தில் வைத்தேன். கண்ணாடி குமிழை அமத்தும், றிலே விடும், மோட்டர் நிற்கும். புது வயர் வாங்கப் பயம். வயர்ச் சுருளும் கையுமாகச் சந்தியில் பிடிபட்டால் பதில் சொல்லி முடியாத காலம். ஆகவே எல்லாம் பழைய வண்டிகளில் உரித்தது.

றிலேயை உள்கூரைத் துணிக்குப் பின்னால் ஒளித்து வைக்கப் போனேன், அதுதான் அழகு என்று. நீங்கள் மறித்தீர்கள்.

“ஒளிச்சு வைக்காதை மச்சான். துணியைக் கிழிச்சுப் பாக்கேக்க வயரும் பெட்டியும் இருந்தா அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிய வை.”

ஒளி ஊடுருவுகிற சவர்க்காரப் பெட்டி ஒன்றுக்குள் அதை வைத்து, முன்பக்கம் சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் திருகினோம். காவலில் கேட்டால் நீங்கள் அதைக் காட்டி, கூரையைத் திறந்து காட்டுவீர்கள். நாலைந்து நாளில் அந்தக் கரையோர வீதிக் காவலரண்கள் எல்லாம் அதற்குப் பழகிவிட்டன. சிலர் வருத்தக்காரர் இல்லாமல் வெறும் காராக வந்தால்கூடத் திறந்து காட்டச் சொல்லி வேடிக்கை பார்த்தார்கள் என்று வந்து சொன்னீர்கள்.

மூடுவதற்கும் அப்படிச் செய்யவா என்று கேட்டேன். “வேண்டாம். கழுத்தை வெளியில போட்டுக்கொண்டு ஆக்கள் நிப்பினம். மூடுறது என்ர விரலில இருக்கட்டும்” என்றீர்கள். அதில் எவ்வளவு யோசனை இருந்தது என்று நான் வியந்தேன். அதே யோசனை எனக்குத் திறக்கிற பக்கத்தில் வந்திருக்க வேண்டும். இடையில் நிற்பாட்டுவதற்கு நான் ஒரு வழியும் வைக்கவில்லை. தொட்டால், கடைசிவரைக்கும் போய்த்தான் நிற்கும். திறக்கிற கூரையை யாராவது ஏன் இடையில் நிற்பாட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். காருக்குள் இருந்து மட்டும் யோசித்தேன். காருக்கு வெளியே துவக்கோடு நிற்கிறவன் என்ன பார்ப்பான் என்று யோசிக்கவில்லை.

வேலை முடிந்த அன்று நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினீர்கள். “என்ர மச்சான்ர வேலை” என்றீர்கள். அடுத்த கிழமையே ஒருவர் தன் வானின் லைற்றுகளைப் பார்க்கச் சொல்லி வந்தார். அதற்கடுத்து இன்னொருவர். உங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு நான் திரும்பவும் தொழில் செய்கிறவன் ஆனேன்.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு பின்னேரம் நீங்கள் வழக்கத்தைவிட நேரத்தோடு வீட்டுக்கு வந்தீர்கள். கிணற்றடியில் நிறைய நேரம் குளித்தீர்கள். பிறகு மாமரத்தடிக்கு வந்து, என் மேசையில் கிடந்த ஸ்குரூ ஆணிகளை விரலால் ஒதுக்கிக்கொண்டு சொன்னீர்கள்:

“மச்சான், கூரையில ஒரு சின்னக் குறை இருக்கு. இடையில நிப்பாட்ட ஒரு வழி வைச்சுத் தா. கை ரெண்டும் ஸ்டியறிங்கில இருக்கேக்க, எடுக்காமல் எட்டவேணும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊர் முழுக்க மெச்சிய வேலையில் குறையா? “திறக்கிறதை ஏன் நிப்பாட்டுவான்?” என்றேன். “அதுவும் ஸ்டியறிங்கில? நீங்கள் என்ன, பிளேனே ஓட்டுறியள்?” என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, “நேரம் கிடைக்கேக்கச் செய்து தா” என்றுவிட்டு எழும்பிப் போனீர்கள்.

அத்தான், நான் பதினொரு நாள் அதைச் செய்யவில்லை. வேலை என்னவோ அரை நாள் வேலை. இன்னொரு கதவுக் குமிழ்ச் சுவிட்சு, கொஞ்ச வயர், அவ்வளவுதான். கையில் வேறு வேலை இருந்தது உண்மை. அதைவிட ரோசம் இருந்தது. கேட்டதும் செய்துகொடுத்தால் குறையை ஒப்புக்கொண்டது மாதிரி என்று ஒரு எண்ணம். அந்தப் பதினொரு நாளும் நீங்கள் வீட்டு வாசலிலேயே கூரையைத் திறந்துவிட்டுப் புறப்பட்டீர்கள். துறைமுக வீதியை விட்டு உள் வீதிகளால் சுற்றிச் சுற்றிப் போனீர்கள். பெற்றோல் கிடைக்காத காலம், வீணாகப் பெற்றோல் எரிக்கிறீர்கள் என்று அக்கா சத்தம் போட்டார். உச்சி வெயில் நெற்றியில் அடித்து முகம் கறுத்துப் போனீர்கள். ஒருநாள் மழை பெய்து சீற்றெல்லாம் ஈரம். அதைக் கண்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மோட்டருக்குள்ள தண்ணி போனா நான் பொறுப்பில்லை” என்றேன். நீங்கள் துணியை எடுத்துச் சீற்றைத் துடைத்தீர்கள். பன்னிரண்டாம் நாள், அந்த ஈரச் சீற்றைப் பார்க்கச் சகிக்காமல், முணுமுணுத்துக்கொண்டு செய்துகொடுத்தேன். சிக்னல் போடுகிற தண்டுக்குப் பக்கத்தில் குமிழை வைத்தேன், ஸ்டியறிங்கைப் பிடித்தபடி விரலை நீட்டினால் எட்டும். நீங்கள் சாவித் துவாரத்தில் திறப்பைப் போட்டு, கூரையைத் திறந்து, நிற்பாட்டி, திறந்து, நிற்பாட்டி, ஆறேழு தரம் பார்த்தீர்கள். “மோட்டர் சூடாகப் போகுது, காணும் விடுங்கோ” என்று நான்தான் அதட்டினேன்.

பிறகு எத்தனை வருடம். சண்டை முடிந்தது. காரை விற்றீர்கள். நான் நகரத்தில் திரும்பவும் பட்டறை போட்டேன், கலியாணம் கட்டினேன், இரண்டு பிள்ளைகள். உங்கள் கடைசி மாரி காலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்க வாங்க இருந்தபோதுகூட, பக்கத்துக் கட்டில்காரரிடம் என்னைக் காட்டி, “இவர் கை வைச்சா ஓடாத வண்டியும் ஓடும்” என்று சொன்னீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்குச் சல்லியில் இருந்து ஒரு பெண் வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முத்துமாரி அம்மன் கோயில் விபூதியை ஒரு கடதாசிச் சரையில் மடித்துக் கொண்டுவந்து உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார். பந்தி முடிந்து பெண்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி இருந்தார்கள். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். அவர் அக்காவோடு கதைத்தது எல்லாருக்கும் தெரிந்த கதையைத் திரும்பச் சொல்கிற மாதிரி இருந்தது.

“அண்டைக்கு அண்ணர் எண்ணினதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன் அக்கா. எனக்குக் காலமையே பிள்ளை நோ கண்டிட்டுது. என்ர மனுசன் முன் சீற்றில, நான் பின் சீற்றில மாமியின்ர மடியில. காவல் இன்னும் தூரத்திலதானே எண்டு, எங்கட வாசலில வெயிலுக்கு மூடி வைச்ச கூரையை அண்ணர் அப்பதான் தொட்டிட்டார். வளைவால திரும்பினா, அவங்கள் வழக்கமான இடத்தில இல்லை. முன்னுக்கு வந்து மண்மூட்டை அடுக்கிக்கொண்டு நிக்கிறாங்கள். எல்லாம் புது ஆக்கள், இந்தக் காரைக் கண்டே இருக்கமாட்டாங்கள். கையைக் காட்டு, கையைக் காட்டு எண்டு கத்தினாங்கள். அண்ணர் காரை நிப்பாட்டிப்போட்டு ரெண்டு கையையும் ஸ்டியறிங்கில வைச்சார். இவர் கையை முகத்துக்கு முன்னால பிடிச்சார். கார் நிண்டிட்டுது. கூரை நிக்கேல்லை.”

அவர் தன் கையைத் தலைக்கு மேலே மெல்லப் பின்னுக்கு இழுத்துக் காட்டினார்.

“ஒருத்தற்ற கையும் படாமல் அது தன்ர பாட்டுக்கு ர்ர்ர் எண்டு திறக்குது. உள்ளுக்க இருந்து ஏதோ வரப்போகுது எண்டு நினைச்சிட்டாங்கள். மூண்டு பேரும் துவக்கை நீட்டியாச்சு. நிப்பாட்டு நிப்பாட்டு எண்டு கத்துறாங்கள். நிப்பாட்ட வழி இல்லையாம். திறப்பைத் திருப்பினா நிண்டிருக்கும் எண்டு அண்ணர் பிறகு சொன்னவர். ஆனா கையைக் கீழ விட்டா சுட்டிருப்பாங்கள். அவர் என்ன செய்தவர் தெரியுமே? அசையாமல் இருந்து சிங்களத்தில உரத்து எண்ணத் தொடங்கினவர். எக்க, தெக்க, துன... அவங்களுக்கு விளங்கவேணும், இது ஒரு கணக்குக்கு நிக்கும் எண்டு. நமய, தஹய எண்டு வரேக்க அவர்ர குரல் உடைஞ்சுபோச்சு. விடேல்லை. எக்கொளஹ, தொளஹ, தஹதுன. பதின்மூண்டில டக்கெண்டு நிண்டுது. முன்னுக்கு நிண்ட பெடியன் துவக்கை இறக்கினான். பிறகுதான் இவர் அந்த வெள்ளைத் துணியைத் தூக்கிக் காட்டினவர்.”

அவர் வெற்றிலையைக் கையில் எடுத்தார், போடவில்லை.

“ஆஸ்பத்திரி வாசலில என்னை இறக்கிப்போட்டு அண்ணர் காருக்குப் பின்னால போய் இருந்து ஓங்காளிச்சுச் சத்தி எடுத்தவர். அந்தக் கூரையை எந்த மடையன் செய்தவனோ, நிப்பாட்ட ஒரு வழி வைக்காமல்.”

அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். நான் பின்னால் போனேன்.

“அக்கா, உங்களுக்குத் தெரியுமே?”

“ஓம்.”

“ஏன் சொல்லேல்லை?”

அவர் தட்டைக் கழுவினார். துடைத்து வைத்தார். “அவர்தான் வேண்டாம் எண்டவர். சொன்னா நீ திரும்ப அந்தக் கதிரையில போய் இருந்திடுவாய் எண்டு பயந்தவர். இப்பதான் எழும்பியிருக்கிறான், விடு எண்டவர். அந்தப் பதினொரு நாளும் நான் ஒவ்வொரு நாளும் கேட்டனான் தம்பி, நான் சொல்லட்டே, நான் சொல்லட்டே எண்டு. விடவேயில்லை.”

பெற்றோல் வீண் என்று அக்கா போட்ட சத்தம் யாருக்குக் கேட்கவென்று போட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குக் கேட்கவென்று போட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து நான் சல்லிக்குப் போனேன். அந்தப் பெண்ணின் வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். முற்றத்தில் சாக்கு விரித்துக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு எழும்பினார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன்.

“அந்த மடையன் நான்தான். அவர்ர மச்சான்.”

அவர் கையைச் சீலையில் துடைத்தார். முகத்தில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை.

“அண்டைக்கு உங்கட முகத்தைப் பாத்தாப் பிறகுதான் எனக்குப் பொறி தட்டினது. கதைச்சது கதைச்சதுதான், என்ன செய்ய” என்றார்.

“நீங்கள் என்னை மன்னிக்கவேணும்.”

“நான் ஆர் மன்னிக்க? துவக்கு நீட்டினது அவருக்கு. அவரிட்டயெல்லோ கேக்கவேணும்.”

பிறகு உள்ளே பார்த்துத் தேத்தண்ணி வைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். தேத்தண்ணி கொண்டுவந்து தந்தது அன்று ஆஸ்பத்திரியில் பிறந்த மகள். இடுப்பில் அவளுடைய குழந்தை. நான் யார் என்று தாய் அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்தேன்.

அவர் சொன்னது சரி. உங்களிடம்தான் கேட்கவேண்டும். ஆனால் எதற்கு என்று நான் இந்த ஒரு வருடமாக யோசித்திருக்கிறேன். நிற்பாட்ட வழி வைக்காமல் விட்டதற்கு என்றால், அது பிழை. தொழிலில் பிழை விடாதவன் இல்லை, நீங்களே அதைப் பெரிதாக எடுத்திருக்கமாட்டீர்கள். அந்தப் பிளேன் பகிடிக்கு என்றால், நீங்கள் சிரித்துவிட்டீர்கள். என்னை உறுத்துவது வேறு. நீங்கள் சாவின் வாயில் இருந்து நேராக வீட்டுக்கு வந்து, குளித்து, என் மேசைக்கு முன்னால் நின்றீர்கள். மூன்று அடி தூரம். உங்கள் விரல்கள் என் ஆணிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தன. ஒரு காரணமும் இல்லாமல் என் மேசையில் கை வைக்கிற ஆள் நீங்கள் இல்லை. நான் உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் வேலையை நீங்கள் குறை சொன்னதைத்தான் கேட்டேன்.

உங்களிடம் இருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். முடித்துக் கொடுத்த வேலையில் குறை என்று யாராவது திரும்பி வந்தால், இப்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன். பிறகு, “என்ன நடந்தது?” என்று கேட்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. பியூஸ் போயிருக்கும், வயர் கழன்றிருக்கும். இந்தக் கிழவனுக்கு என்ன வந்தது என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வருகிற எல்லாரிடமும் கேட்கிறேன்.

உங்களிடம் மட்டும்தான் கேட்கவில்லை, அத்தான்.